கொப்பு அரைக்கும் மெஷின்: முதலில் பிளேட்டைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கிளிசரியாக் கொப்பையும் தென்னோலையையும் எரிக்காமல் அரைத்துப் பசளையாக்கும் மெஷின் வன்னித் தோட்டங்களுக்குப் பெரிய உதவி. அது இழுக்கவில்லை என்றதும் பலர் என்ஜினைக் கழற்றுகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது பிளேட். கூர் இருந்தால் சீவல் சீவலாக விழும். மழுங்கினால் தும்பு தும்பாகக் கிழியும், கொப்பைத் தள்ளித்தான் விட வேண்டிவரும்.

என்ஜினை நிறுத்தி, பிளேட் பூட்டியிருக்கும் உருளை முற்றாக நின்றபின், பிளக் வயரைக் கழற்றிவிட்டே மூடியைத் திறவுங்கள். பழைய சரிவிலேயே தீட்டுங்கள். தீட்டும் சூட்டில் விளிம்பு நீலம் பாய்ந்தால் இரும்பின் பதம் போய்விட்டது. எல்லாப் பிளேட்டும் ஒரே நிறையில் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் மெஷின் அதிர்ந்து பெயாரிங் தேயும். சுழலும் பிளேட்டுக்கும் அசையாமல் நிற்கும் எதிர்ப்பிளேட்டுக்கும் இடையிலான இடைவெளி பல சிறிய மெஷின்களில் 1 முதல் 2 மில்லிமீற்றர். கையேட்டில் உள்ள அளவே முடிவு. இடைவெளி கூடினால் ஓலை வெட்டுப்படாமல் மடிந்து உருளையில் சுற்றும்.

கூர் இருந்தும் திணறி, ரப்பர் கருகும் மணம் வந்தால் என்ஜினிலிருந்து உருளையைச் சுழற்றும் பெல்ற் தளர்ந்திருக்கிறது.

சோளகப் புழுதியில் எயார் ஃபில்டரை அடிக்கடி பாருங்கள். ஸ்பொஞ் வகையைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவைத்து, சிறிது எண்ணெய் தடவிப் பூட்டலாம்.

வேலிக் கதியாலில் ஆணியும் முட்கம்பியும் இருக்கும். சண்டை நடந்த இடங்களின் மரங்களில் ஷெல் துண்டும் ஏறியிருக்கலாம். வீக்கமோ பழைய வடுவோ உள்ள கட்டையை உள்ளே விடவே வேண்டாம்.

மெஷினை வாடகைக்குக் கொடுக்கும் கமக்காரர் அமைப்புகள் தீட்டிய பிளேட் சோடி ஒன்றையும் கூடவே கொடுக்க வேண்டும்.

இங்ஙனம்,
தோட்ட இயந்திரம் திருத்துவோர்,
கிளிநொச்சி