பழைய பெர்குசனா, புது வண்டியா?

பத்தாங் பெர்ஜுந்தாய், மலேசியா

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. மகளுக்கு வரன் அமைந்த செய்தியைப் படித்ததும் என் வீட்டுக்காரி சாமி விளக்கேற்றிவிட்டாள். பத்திரிகை அடித்ததும் முதலில் இங்கே அனுப்பு.

அப்புறம் உன் டிராக்டர் விஷயம். பகாவ் ஊரில் உன் பத்து ஏக்கர் செம்பனைத் தோட்டத்துக்குப் புது குபோத்தா எடுப்பதா, பழைய மாஸி பெர்குசன் 135 வாங்குவதா என்று கேட்டிருக்கிறாய். மூன்று நாள் யோசித்தேன். பழையதையே வாங்கு. பத்து நாளுக்கு ஒரு குலை வெட்டு என்றால் மாதத்தில் மூன்று வெட்டு. குலை ஏற்றுவது, உரம் இறக்குவது எல்லாம் சேர்த்தாலும் வண்டி ஓடப்போவது ஏழெட்டு நாள்தான். புது வண்டி என்றால் கொட்டகையில் சும்மா நிற்கிற நாளுக்கும் சேர்த்துத் தவணை கட்ட வேண்டும். குலை விலை இறங்கும் மாதத்தில் எண்ணெய் மில் குறைத்துக் கொடுக்கும், தவணை குறையாது. கல்யாணச் செலவு வேறு முன்னால் நிற்கிறது.

வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் மில்லுக்குப் போய்ச் சேர வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறிவிடும். வெட்டு நாளில் பழைய வண்டி படுத்துக்கொண்டால் என்ன செய்வது என்று நீ பயப்படுவது நியாயம்தான். ஆனால் 135 என்பது 1964-இல் வந்த மாடல். மூன்று சிலிண்டர் பெர்க்கின்ஸ் டீசல் எஞ்சின். தோட்டப் பட்டறையில் அதை நீ எத்தனை தடவை பிரித்து மாட்டியிருக்கிறாய்! நேற்று தென்னமரம் எஸ்டேட் பக்கம் போனேன். 1917-இல் இந்த நாட்டில் வியாபாரத்துக்காக முதன்முதலில் செம்பனை போட்ட மண். அந்த வழியில் ஒரு கிழட்டு பெர்குசன் டிரெய்லர் நிறையக் குலையோடு போய்க்கொண்டிருந்தது. நின்று பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

ஆனால் சாயத்தைப் பார்த்து மட்டும் வாங்கிவிடாதே. நான் வாங்கியது பளபளவென்று சிவப்பாக இருந்தது. கியர்க்கம்பு அடியில் உள்ள ரப்பர் கிழிந்திருந்ததை நான் குனிந்து பார்க்கவில்லை. அது வழியாக மழைத்தண்ணீர் கியர்பாக்ஸுக்குள் இறங்கியிருக்கிறது. அதே எண்ணெயில்தானே ஹைட்ராலிக் பம்பும் மூழ்கிக் கிடக்கிறது. மூன்றாம் மாதம், பாரம் தூக்கும் பின்கை தூக்கவில்லை. வடித்துப் பார்த்தால் எண்ணெய் தேங்காய்ப்பால் மாதிரி வந்தது. பம்பு போயே போச்சு.

அதனால் முதல் நாளே விற்பவரிடம் வண்டியைக் கிளப்ப வேண்டாம் என்று சொல்லிவிடு. காலையில் போய் எஞ்சினைத் தொட்டுப் பார், ஜில்லென்று இருக்க வேண்டும். கியர்பாக்ஸின் அடித்திருகைக் கொஞ்சமாகத் தளர்த்தி அடியில் கையைக் காட்டு. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் தண்ணீர் கீழே தங்கியிருக்கும். எண்ணெய்க்கு முன்னால் அதுதான் வரும். பிறகு கிளப்பு. நீலப் புகை நிற்காமல் வந்தால் பேரம் பேசவே வேண்டாம். பாரம் ஒன்றைத் தூக்கி வைத்து எஞ்சினை நிறுத்திவிட்டு ஒரு தேத்தண்ணி குடி. குடித்து முடிப்பதற்குள் பாரம் இறங்கியிருந்தால் ஹைட்ராலிக்கில் கோளாறு இருக்கிறது.

இன்னொன்று, இதுதான் எனக்குப் பெரிய கவலை. உன் நிலம் மேடும் பள்ளமும். சரிவில் கவிழ்ந்த டிராக்டருக்கு அடியிலிருந்து நம் ஆளை நாம் இரண்டு பேரும்தானே தூக்கினோம். புது வண்டியோடு ஆளைக் காக்கும் இரும்புச் சட்டமும் சீட் பெல்ட்டும் வரும். பழையதில் பெரும்பாலும் இருக்காது. வாங்கும் விலையோடு அந்தச் சட்டத்தின் செலவையும் சேர்த்துக்கொள். அந்த வண்டிக்கென்றே செய்த சட்டமாக, பின் அச்சில் போல்ட் போட்டு முடுக்கியதாக இருக்கட்டும். அதை மாட்டாமல் யாரையும் வண்டியில் ஏற்றாதே. நீயும் ஏறாதே.

பார்க்கப் போகும் தேதியைச் சொல். முதல் நாள் ராத்திரியே வந்துவிடுகிறேன். ஸ்பானர் பெட்டியைத் துடைத்து எடுத்து வைத்துவிட்டேன்.

அன்புடன்,
உன் பட்டறைத் தோழன்