நம் வாசலைத் தொடாத போர்!

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்களின் இருபதாம் நூற்றாண்டுப் போர்கள் சிறப்பிதழை அட்டை முதல் அட்டை வரை படித்தேன். படங்கள் அருமை. சரயேவோவில் 1914 ஜூன் 28 அன்று இளவரசர் ஃபெர்டினாண்டின் கார் எந்த முக்கில் தவறாகத் திரும்பியது என்பதற்கு வரைபடமே போட்டிருக்கிறீர்கள். சந்தோஷம். ஆனால் 47ஆம் பக்கத்தில், "இரண்டாம் உலகப் போர் நல்லவேளையாக நம் வாசலைத் தொடாமல் கடந்து போய்விட்டது" என்று ஒரு வரி இருக்கிறதே, அதைப் படித்த பிறகு இரண்டு ராத்திரி எனக்குச் சரியான தூக்கம் இல்லை. முக்கியமாக அந்த "நல்லவேளையாக".

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு பேரேடு கிடக்கிறது. என் தாத்தா பர்மாவில் ஹென்சாடாவில், ஒரு செட்டியார் வட்டிக்கடையில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். 1942இல் கடையைப் போட்டுவிட்டுக் கிளம்பும்போது சட்டி பானையைக்கூட விட்டுவிட்டு அந்தப் பேரேட்டைத் துணியில் சுற்றி முதுகில் கட்டிக்கொண்டு வந்தார். ஊ, கோ, மா என்று தொடங்கும் பர்மியப் பெயர்கள் அத்தனையும் தமிழ் எழுத்தில் இருக்கின்றன. பக்கத்திலேயே நிலத்தின் அளவு, அசல், வட்டி. ஒரு பைசா வசூலாகவில்லை. ஆகப்போவதும் இல்லை என்று தாத்தாவுக்கே தெரியும். இருந்தும் வருஷா வருஷம் சரஸ்வதி பூஜைக்கு அதற்கும் சந்தனம் வைப்பார்.

33 வருடம் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தியவன் நான். காரணங்கள் ஐந்து, விளைவுகள் ஐந்து, மொத்தம் பத்து மதிப்பெண் என்றுதான் நானும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அந்தப் பாவம் எனக்கும் உண்டு. ஆனால் அந்தப் பேரேட்டைப் புரட்டினால் எந்தப் பாடப்புத்தகத்தையும்விட நன்றாகக் காரணம் தெரியும். 1930இல் உலகமெங்கும் விலை சரிந்தபோது பர்மாவில் நெல் விலையும் அதலபாதாளத்துக்குப் போனது. கடன் வாங்கிய விவசாயியால் கட்ட முடியவில்லை. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் சுமார் 6 சதவீதமாக இருந்த செட்டியார் நிலம், அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் 25 சதவீதமானது. அவர்கள் ஆசைப்பட்டு வாங்கியதல்ல, அடமானம் மூழ்கி வந்து சேர்ந்தது என்பார் தாத்தா. நிலத்தை இழந்தவனுக்கு அந்த வித்தியாசம் எதற்கு? 1930இலும் 1938இலும் ரங்கூனில் இந்தியர்களை வெட்டினார்கள். அதையும் தாத்தா மறைத்ததில்லை. "அவன் கோபத்தில் பாதி நியாயம்" என்பார். மீதிப் பாதியைப் பற்றிப் பேசமாட்டார்.

தங்கள் கட்டுரையாளர் ஜப்பான் ஏன் போரில் குதித்தது என்பதற்குப் "பேராசை" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். 1941 ஜூலையில் ஜப்பான் தெற்கு இந்தோசீனாவில் நுழைந்ததும் அமெரிக்கா எண்ணெய் அனுப்புவதை நிறுத்தியதும், கையிருப்பு தீர்வதற்குள் சுமத்ரா, போர்னியோ எண்ணெயைப் பிடித்தாக வேண்டும் என்று அவர்கள் கணக்குப் போட்டதும் தங்களுக்குத் தெரியாததல்ல. பர்மாவிலும் எண்ணெய்க் கிணறுகள் இருந்தன. லாஷியோவிலிருந்து சீனாவுக்கு ஆயுதம் போகும் சாலையும் இருந்தது. அப்புறம் அரிசி. இத்தனையும் ஒரே நாட்டில் இருந்தால் யார்தான் விடுவார்கள்?

1941 டிசம்பர் 23 அன்று ரங்கூனில் குண்டு விழுந்தது. அடுத்த மார்ச் 8ஆம் தேதி ஊரே ஜப்பானியர் கையில். ரங்கூன் ஜனத்தொகையில் அன்றைக்குப் பாதிப் பேருக்கு மேல் இந்தியர்கள். கப்பலில் இடம் கிடைத்தவர்கள் கப்பலில் வந்தார்கள். மற்றவர்கள் நடந்தார்கள். நான்கு லட்சம் பேருக்குக் குறையாது. என் தாத்தா, பாட்டி, ஒன்பது வயது அப்பா மூன்று பேரும் புரோம் வரை வந்து, அங்கிருந்து அரக்கான் மலையைத் தாண்டி டவுங்கப் கடற்கரைக்கு 100 மைலுக்கு மேல் நடந்திருக்கிறார்கள். வழியெங்கும் காலரா. பாட்டி மலையைத் தாண்டவில்லை. எந்த இடம் என்று அப்பாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒரு பெரிய மூங்கில் புதர் என்பார். அந்த மலை முழுக்க மூங்கில்தான். வெள்ளையருக்கு ஒரு பாதை, கறுப்பருக்கு ஒரு பாதை என்று அப்போதே காங்கிரஸ்காரர்கள் கண்டித்தார்கள். அந்த ஆகஸ்டில் "வெள்ளையனே வெளியேறு" என்று நாடே கொதித்ததற்குப் பின்னால் இந்த நடையும் கொஞ்சம் உண்டு என்பது என் அபிப்பிராயம். சிறப்பிதழில் அதற்கும் இடம் இல்லை. ஹிட்லரின் நாய்க்கு இடம் இருக்கிறது. அரைப் பக்கம்!

பர்மா போனதும் வருடத்துக்குப் பத்து லட்சம் டன்னுக்கு மேல் வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. 1943இல் வங்காளத்தில் சுமார் 30 லட்சம் பேர் செத்ததற்கு அது ஒரு காரணம். ஒரே காரணம் அல்ல. ஜப்பானியர் கையில் சிக்கிவிடக் கூடாது என்று அரசாங்கம் படகுகளைப் பறித்ததும், பதுக்கலும், விலையேற்றமும், லண்டன் காட்டிய அலட்சியமும் சேர்ந்துதான். நம் ஊரில் வீட்டுக்கு வீடு ரேஷன் கார்டு வந்ததும் அந்தக் காலத்தில்தான். தொடாமல் போன போரின் சீதனத்தைக் கையில் பிடித்துக்கொண்டு இன்றைக்கும் வரிசையில் நிற்கிறோம். சென்னைக்கு வருவோம். முதல் போரில் 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியது. என் அம்மா கோபம் வந்தால் அப்பாவை "எம்டன்" என்றுதான் சொல்வாள். இரண்டாம் போரில், 1942 ஏப்ரலில், ஜப்பான்காரன் வருகிறான் என்று பட்டணமே காலியானது. இந்த வாசலெல்லாம் யாருடைய வாசல்?

நான்கு வருடத்துக்கு முன் மகன் என்னைத் தாய்லாந்துக்கு அழைத்துப்போனான். காஞ்சனபுரியில் போர்க் கைதிகளின் கல்லறைத் தோட்டம் பார்த்தேன். ஏறக்குறைய 7,000 கல், புல்லை நறுக்கி, பூச்செடி வைத்து, கண்ணாடி மாதிரி வைத்திருக்கிறார்கள். 415 கிலோமீட்டர் சயாம்–பர்மா ரயில் பாதையில் செத்த கைதிகள் 12,000 பேருக்கு மேல். மலேயா ரப்பர் தோட்டங்களிலிருந்து பிடித்துப்போன தமிழர்களையும் மற்ற ஆசியக் கூலிகளையும் சேர்த்தால் அதைப்போலப் பல மடங்கு. அவர்களுக்குப் பெயர் பொறித்த கல் எங்கே என்று கேட்டேன். வழிகாட்டிப் பையன் பாலத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளச் சொன்னான். அவனைக் குறை சொல்லி என்ன? நம் பத்திரிகையே நமக்குப் போர் வரவில்லை என்கிறபோது.

இன்னொன்றும் மனதில் கிடக்கிறது. போன வருடம் தங்கள் சமையல் பகுதியில் பர்மா பஜாரில் விற்கும் அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸைப் பற்றி நாக்கில் நீர் ஊற எழுதியிருந்தீர்கள். அது ஏன் பாரிமுனைக்கு வந்தது என்று ஒரு வரி இல்லை. பர்மாவில் ராணுவத் தளபதி நே வின் ஆட்சி 1964இல் கடைகளை அரசுடைமையாக்கியபோது தாத்தாவின் தம்பி மாற்றுத் துணி மட்டும் வைத்துக்கொண்டு கப்பலில் வந்திறங்கினார். 1942இல் நடக்காமல் அங்கேயே தங்கிவிட்டவர் அவர். தப்பித்தேன் என்று 22 வருடம் நினைத்திருந்தாராம்.

சரி, கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். அடுத்த இதழில் அந்த 47ஆம் பக்க வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். மூலையில், சின்ன எழுத்தில் இருந்தாலும் போதும். மூன்று வருடத்துக்கு முன் தங்கள் அலுவலகத்துக்கு இந்த விஷயத்தை ஒரு கட்டுரையாக எழுதி அனுப்பியிருந்தேன். பரிசீலனையில் இருப்பதாகக் கார்டு வந்தது. இன்னும் பரிசீலித்துக்கொண்டிருப்பீர்கள், அவசரம் இல்லை. ஆனால் அதோடு பாட்டியின் புகைப்படம் ஒன்றை வைத்திருந்தேன். ஹென்சாடாவில் ஸ்டூடியோவில் எடுத்தது, அந்தப் பேரேட்டுக்குள் இருந்து வந்தது. பிரதி கிடையாது. அதை மட்டும் திருப்பி அனுப்பினால் புண்ணியமாகப் போகும். பதிவுத் தபாலுக்கான ஸ்டாம்பு இணைத்திருக்கிறேன். சென்ற முறையும் இணைத்திருந்தேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
சிவகங்கை மாவட்டம்