கிராஃப் லேபிளிங் இருக்கட்டும், ஒரு பிழையைத் துரத்தவும் விடுங்கள்: கணிதத் துறைத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டக் கல்லூரிகளின் கணிதத் துறைத் தலைவர்களுக்கு வணக்கம்.

சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். எம்.எஸ்சி. கணிதம் கடைசி செமஸ்டர் பிராஜெக்டுக்கு, சேஜ்மேத், மாக்சிமா, ஆக்டேவ் மாதிரி ஏதாவது ஒரு திறந்த மூலக் (உள்ளே இருக்கும் நிரலை யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய) கணித மென்பொருளில் ஒரு கோளாறைப் பிடித்து, அது எங்கிருந்து வருகிறது என்று அடிவரை போய்ப் பார்த்து, முடிந்தால் திருத்தியும் அனுப்புகிற வேலையை ஏற்றுக்கொள்ளுங்கள். கோரிக்கை அவ்வளவுதான். ஏன் என்று சொல்லத்தான் இத்தனை நீளம்.

நான் குடியாத்தம் பக்கம். உங்கள் கல்லூரிகளில் ஒன்றில்தான் கணக்குப் படித்தேன், இப்போது பிழைப்பு மென்பொருளில். ஊருக்கு வந்தால் யாராவது ஒரு பிள்ளை பிராஜெக்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடும். பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் கிராஃப் லேபிளிங், அதாவது புள்ளிகளும் கோடுகளுமான வரைபடத்துக்கு ஒரு விதிப்படி எண் போடுவது. சீனியர் ஏணி கிராஃபுக்குச் செய்ததை ஜூனியர் சீப்பு கிராஃபுக்குச் செய்வது, முன்னுரை மட்டும் எழுத்துப் பிசகாமல் அப்படியே இருக்கும். அந்தத் துறையை நான் குறை சொல்லவில்லை. மரம் எனப்படும், சுற்று இல்லாத கிராஃப்கள் எல்லாவற்றுக்கும் கிரேஸ்ஃபுல் லேபிளிங் என்ற வகை உண்டா என்ற கேள்வி 1960களிலிருந்து இன்னும் விடை தெரியாமல்தான் கிடக்கிறது, அதில் உண்மையாக உழைப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் ஜெராக்ஸ் கடையில் ஸ்பைரல் பைண்டிங் போட்டு, வைவா முடிந்த கையோடு பீரோவுக்குள் போய்விடும் அந்த அறுபது பக்கத்தை அப்புறம் யார் திறக்கிறார்கள்?

சமீபத்தில் ஒரு மாணவி சொன்ன கதைதான் இதை எழுத வைத்தது. கல்லூரியின் பெயர் வேண்டாம். மெர்சென் எண்களுக்காக (இரண்டின் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்தவை), பைத்தான் மொழியின் மேல் கட்டிய சேஜ்மேத்தில் ஒரு சின்ன நிரல் எழுதியிருக்கிறாள். சேஜ்மேத்தின் நோட்புக் திரையில் 2^5-1 என்று அடித்தால் ஒழுங்காக 31 வருகிறது. அதே நிரலைச் சாதாரணப் பைத்தான் கோப்பாகச் சேமித்து ஓட்டினால் 6! லேப்பில் எல்லோரும் சொன்ன யோசனை, "அழிச்சிட்டு மறுபடி இன்ஸ்டால் பண்ணு." அவள் அதைச் செய்யவில்லை. நிரலில் ஒவ்வொரு வரியாக எடுத்துவிட்டு ஓட்டிப் பார்த்திருக்கிறாள், தப்பு இன்னும் வருகிறதா, இல்லையா என்று. கடைசியில் மிஞ்சியது அந்த ஒரே வரி. பிழை தேடுகிறவர்கள் உலகம் முழுக்கச் செய்கிற முதல் வேலை இதுதான், சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாமலேயே அவளுக்கு வந்திருக்கிறது.

காரணத்தையும் பிடித்துவிட்டாள். பைத்தானில் அந்தக் கூரை அடையாளம் (^) அடுக்கைக் குறிப்பதில்லை. இரண்டு எண்களையும் இரும எண்ணாக எழுதி, எந்த இடத்தில் வேறுபடுகிறதோ அங்கே 1 போடுகிற வேலை அது. அதிலும் பைத்தான் கழித்தலைத்தான் முதலில் முடிக்கும். ஆக 5-1 முதலில் 4 ஆகிறது, பிறகு 2 என்கிற 010-ம் 4 என்கிற 100-ம் சேர்ந்து 110, அதாவது 6. சேஜ்மேத்துக்குள் அடிக்கும்போது இந்தத் தொல்லை இல்லாததற்குக் காரணம், நாம் அடிப்பது பைத்தானிடம் போகும் முன் ப்ரீபார்சர் என்று ஒன்று நடுவில் நின்று கூரையை, பைத்தானில் அடுக்கைக் குறிக்கும் இரட்டை நட்சத்திரமாக (**) மாற்றிவிடுகிறது. 1/3 என்று அடித்தால் 0.333 என்று இழுக்காமல் பின்னமாகவே நிற்பதும் அதன் தயவில்தான். சாதாரணப் பைத்தான் கோப்பில் அது தலையிடாது. ஆகவே இது மென்பொருளின் பிழையே இல்லை, வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். ஆனால் புதிதாக வருகிறவர்கள் விழுகிற பள்ளம்.

இதை விளக்கப் படங்களோடு எழுதிக்கொண்டு போனால் கைடு கேட்டாராம், "இதுல தியரம் எங்கம்மா இருக்கு? போய் லேபிளிங்ல ஏதாவது பார்த்துக்கோ." போய்ப் பார்த்துக்கொண்டாள். மார்க்கும் வந்தது.

தியரம் எங்கே என்று கேட்பவர்களுக்கு ஒன்று காட்டுகிறேன். மாக்சிமாவைத் திறந்து எக்ஸ் அடுக்கு என்-ஐ (x^n) எக்ஸைப் பொறுத்துத் தொகையிடச் சொல்லுங்கள். விடை தராது. பதிலுக்கு நம்மைக் கேட்கும்: என் என்பது மைனஸ் ஒன்றா? பிளஸ் டூவில் மனப்பாடம் செய்த சூத்திரத்தின் பக்கத்தில் சின்னதாக எழுதியிருந்த நிபந்தனை, நாம் எல்லோரும் எழுத மறக்கிற அது, நேராக வந்து முகத்தில் நிற்கிறது. இதையே சேஜ்மேத்தில் செய்தால், அது உள்ளுக்குள் மாக்சிமாவைத்தான் கூப்பிடுவதால், அந்தக் கேள்வி ஒரு பெரிய பிழைச் செய்தியாக வெடிக்கும், திரை முழுக்கக் கோப்புப் பெயர்களும் வரி எண்களும். பிள்ளைகள் பயந்து மூடிவிடுகிறார்கள். கடைசி வரிக்குப் போய்ப் படித்தால் அதே சாதுவான கேள்விதான்: என் மைனஸ் ஒன்றா? என் பூச்சியத்தைவிடப் பெரியது என்று ஒரு அனுமானத்தை முன்னாலேயே சொல்லிவிட்டால் விடை உடனே வரும். பிழைச் செய்தியைக் கீழிருந்து மேலாகப் படி என்று ஒரு வாத்தியார் ஒரு முறை சொல்லியிருந்தால் எத்தனை பேர் தப்பித்திருப்பார்கள்.

ஆக்டேவில் மைனஸ் எட்டின் கனமூலத்தை (-8)^(1/3) என்று கேட்டால் மைனஸ் 2 வராமல் ஒரு கலப்பெண் வருவதும் இதே ரகம்தான். காம்ப்ளெக்ஸ் அனாலிசிஸ் பேப்பரில் பிரின்சிபல் வேல்யூ (பல மூலங்களில் முதன்மையாக எடுத்துக்கொள்ளும் ஒன்று) என்று படித்தது அங்கே திரையில் உட்கார்ந்திருக்கிறது. மெய்யெண் மூலம்தான் வேண்டும் என்றால் அதற்குத் தனிக் கட்டளை உண்டு. எது பிழை, எது கணிதம் என்று பிரித்துச் சொல்ல உங்களைவிடத் தகுதியானவர்கள் யார்?

விலை கொடுத்து வாங்கும் மென்பொருளில் இந்த விசாரணை பாதியிலேயே நின்றுவிடும். (நம் லேப்களில் எத்தனை விலை கொடுத்து வாங்கியவை என்பதை நான் கிளறவில்லை.) சேஜ்மேத்தில் ஒரு கட்டளையின் பெயரை அடித்து ஒரு கேள்விக்குறி போட்டால் விளக்கம் வரும், இரண்டு போட்டால் அதன் மூல நிரலே வரும். ஒரு பல்லுறுப்புக்கோவை எப்படிக் காரணிப்படுகிறது என்று உள்ளே போய்ப் பார்க்கலாம், தப்பாகப் பட்டால் எழுதி அனுப்பலாம். இவையெல்லாம் பெரும்பாலும் கல்லூரிக்காரர்கள் தங்களுக்காகச் செய்துகொண்டவை. சேஜ்மேத்தை 2005-இல் தொடங்கிய வில்லியம் ஸ்டைன் எண்கோட்பாட்டு ஆய்வாளர். மாக்சிமாவின் மூதாதை எம்.ஐ.டி.யின் மாக்சைமா (Macsyma). அதன் ஒரு வடிவத்தை 1982 முதல் தான் இறந்த 2001 வரை பராமரித்தவர் டெக்சாஸில் கணிதப் பேராசிரியராக இருந்த வில்லியம் ஷெல்டர். 1998-இல் அவர் அமெரிக்க அரசிடம் அனுமதி வாங்கி ஜி.பி.எல். என்ற திறந்த மூல உரிமத்தில் வெளியிட்டதால்தான் இன்று நம் கைக்கு இலவசமாக வருகிறது. நம் நாட்டிலேயே திறந்த மூல மென்பொருளைப் பரப்பும் பம்பாய் ஐ.ஐ.டி.யின் ஃபாஸி திட்டம், பாடப்புத்தகத்தில் உள்ள தீர்த்த கணக்குகளை ஸைலேப் என்ற இன்னொரு கணித மென்பொருளின் நிரலாக எழுதிக் கொடுத்த மாணவர்களுக்கு மதிப்பூதியமே தந்திருக்கிறது. அங்கே பணமே கொடுத்திருக்கிறார்கள், நாம் மார்க் கொடுக்க யோசிக்கிறோம்.

திருத்தம் அனுப்புவது எப்படி நடக்கும் என்று தெரியாததால் தயங்கலாம். சேஜ்மேத்தின் வேலை 2023 முதல், நிரல்களைப் பொதுவில் வைத்துச் சேர்ந்து எழுதும் கிட்ஹப் தளத்தில் நடக்கிறது. புதிதாக ஒரு செயல்கூறு எழுதினால், அதை எப்படிக் கூப்பிடுவது, என்ன விடை வர வேண்டும் என்ற உதாரணங்களும் கூடவே இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் சேர்க்க மாட்டார்கள். அந்த உதாரணங்களை இயந்திரமே ஓட்டி, எழுதிய விடையும் வந்த விடையும் ஒன்றா என்று சரிபார்க்கும். அப்புறம் முகம் தெரியாத ஒருவர் வரி வரியாகப் படித்துக் கேள்வி கேட்பார். பூச்சியம் கொடுத்தால் என்ன ஆகும், வெற்றுக் கணம் கொடுத்தால் என்ன ஆகும். நம் எக்ஸ்டர்னல் வைவாவில் இவ்வளவு குடைய மாட்டார்கள். அந்த உரையாடல் முழுக்கப் பொதுவில் கிடக்கும், நீங்களே திறந்து படித்து மார்க் போடலாம்.

சேர்த்துக்கொள்ளாவிட்டால்? மாதக்கணக்கில் கிடப்பில் கிடக்கிற திருத்தங்களும் உண்டு, அதனால் சேர்ந்ததா என்று பார்த்து மார்க் போடாதீர்கள். சின்ன உதாரணமாகச் சுருக்கினாளா, எந்தப் பதிப்பு, எந்த இயங்குதளம் என்று எழுதினாளா, காரணம் சொன்னாளா என்று பாருங்கள். சாட்பாட் எழுதிக் கொடுத்துவிடுமே என்றால், கொடுக்கும்தான், ஆனால் அது லேபிளிங் பிராஜெக்டையும் எழுதிக் கொடுக்கும். வைவாவில் உங்கள் கண்ணெதிரே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், குட்டு உடைந்துவிடும்.

லேப் கம்ப்யூட்டர் பழசு என்பது நியாயமான கவலை. மாக்சிமாவும் ஆக்டேவும் பழைய விண்டோஸ் மெஷினிலும் ஓடும், சின்னச் சின்ன சேஜ்மேத் கணக்குகளை போன் பிரவுசரில் சேஜ்மேத்செல் வழியாகவே போடலாம். முழு சேஜ்மேத் வேண்டுமென்றால்தான் சிக்கல். விண்டோஸுக்கென்று வந்த தனி இன்ஸ்டாலர் நின்றுபோய்விட்டது, இப்போது டபிள்யூ.எஸ்.எல். (விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் வசதி) போட்டு அதற்குள் லினக்ஸில்தான் நிறுவ வேண்டும், அதற்கு பெரும்பாலும் பயாஸில், அதாவது கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புத் திரையில், விர்ச்சுவலைசேஷன் என்ற வசதியை ஆன் செய்திருக்க வேண்டும்.

அடுத்த பிராஜெக்ட் தலைப்புப் பட்டியல் போடும்போது இதற்கு ஒரு வரி ஒதுக்கினால், நிறுவிக் கொடுத்து முதல் வகுப்பும் எடுக்க ஏதாவது ஒரு சனிக்கிழமை நானே வருகிறேன், காட்பாடியோ சோளிங்கரோ வாணியம்பாடியோ, பஸ் செலவுகூட வேண்டாம். அந்த பயாஸ் பாஸ்வேர்டு எந்த அட்டெண்டரிடம் இருக்கிறது என்று மட்டும் முன்கூட்டியே விசாரித்து வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பழைய மாணவன்