பாப்பாவுக்கு, அந்த கிளாஸ வேணாம்னு சொல்லிடாத

பாப்பா,

நேத்து போன்ல நீ அவசரமா இருந்த, நானும் பெருசா ஒண்ணும் பேசல. ஆனா ராத்திரி பூரா அதே தான் மனசுல ஓடிட்டு இருந்துச்சு, அதான் உக்காந்து டைப் பண்றேன், கொஞ்சம் நீளமா போகும், ட்ராம்ல போறப்ப படிச்சிக்கோ. ஆப்பிரிக்கா ஆசியா பக்கத்து வானிலை ஃபோர்காஸ்டருங்களுக்கு சாட்டிலைட் படத்த எப்படி படிக்கறதுன்னு ரெண்டு வாரம் கிளாஸ் எடுக்க முடியுமான்னு உன்ன கேட்டிருக்காங்க, நீ ரிசர்ச் பேப்பர் எழுதற வேலை கெட்டுடும்னு யோசிக்கிற. வேணாம்னு சொல்லிடாத பாப்பா. அப்பா சொல்றாரேன்னு கேக்க வேண்டாம், காரணத்த கேளு.

டெல்லி லோதி ரோடுல வானிலை துறை ஆபீஸ் மௌசம் பவன்ல நான் சாட்டிலைட் செக்‌ஷன்ல இருந்தப்ப ரொம்ப வருஷம் எங்களுக்கு கல்பனா-1 வானிலை சாட்டிலைட் தான். 2002ல மெட்சாட்ங்கற பேர்ல போனது, கல்பனா சாவ்லா இறந்தப்புறம் பேர மாத்தினாங்க. அதுல விசிபிள், நீராவி, தெர்மல் இன்ஃப்ராரெட், மூணே சானல், அதாவது மூணு வகை அலைல மட்டும் தான் படம் எடுக்கும். டெல்லி ஜனவரி பனிமூட்டம் உனக்கு தெரியாததா, எதிர்ல வர்ற ஸ்கூல் பஸ் கண்ணுக்கு தெரியாம நாம ரெண்டு பேரும் ரோட்டோரமா நிப்போமே. அவ்ளோ அடர்த்தியான மூட்டம் ராத்திரி படத்துல இருக்கற எடமே தெரியாது, ஏன்னா மூட்டத்தோட மேல்பக்கமும் பக்கத்துல இருக்கற தரையும் கிட்டத்தட்ட ஒரே டெம்பரேச்சர், ரெண்டும் ஒரே சாம்பல் கலர்ல கெடக்கும். 2013 ஜூலைல இன்சாட்-3டி போச்சு, படம் எடுக்கற இமேஜர் கருவில ஆறு சானல், அதுல 3.9 மைக்ரான் அலைநீளம் ஒண்ணு. பனிமூட்டத்துல இருக்கற பொடி நீர்த்துளிங்க 10.8 மைக்ரான்ல நல்லா கதிர் விடும், 3.9ல கம்மியா விடும், ஒண்ணுலருந்து ஒண்ண கழிச்சா போதும், பஞ்சாப்லருந்து பீகார் வரைக்கும் இமயமலை அடிவாரத்த ஒட்டி பட்டையா மூட்டம் படுத்திருக்கறது அப்படியே தெரியும். மொதல்ல பாத்தப்ப செக்‌ஷன்ல எல்லாரும் ஸ்க்ரீன் முன்னாடியே நின்னுட்டோம்.

ஆனா அதுக்கப்புறம் தான் பாப்பா வேலையே. மேல மெல்லிசா சிரஸ் மேகம் வந்தா கீழ இருக்கறது மறைஞ்சிடும். விடிஞ்சதும் 3.9ல வெயிலோட ரிஃப்ளெக்‌ஷன் கலந்துடும், ராத்திரி பண்ண அதே கழித்தல் காலைல வேற அர்த்தம் குடுக்கும். சாட்டிலைட் பாக்கறது மேல்பக்கத்த மட்டும், அது தரைய தொட்டுட்டு இருக்கற மூட்டமா, இல்ல கொஞ்சம் ஒசரத்துல இருக்கற தாழ்வான மேகமான்னு படத்த மட்டும் வச்சு சொல்ல முடியாது, டெல்லி பாலம் ஏர்போர்ட்ல தரைலருந்து எடுக்கற அப்சர்வேஷனையும் சேத்து பாக்கணும். இதையெல்லாம் ஒருத்தர் பக்கத்துல உக்காந்து சொல்லித்தரலைன்னா ஆறு சானல் இல்ல, அங்க ஐரோப்பால நீங்க இப்ப வச்சிருக்கற மீட்டியோசாட்-12 சாட்டிலைட் மாதிரி பதினாறு சானல் குடுத்தாலும் கலர் கலரா படம் இருக்கும், ஃபோர்காஸ்ட் இருக்காது.

டெல்லிக்கு ட்ரெய்னிங் வர்றவங்கள பத்தி உனக்கு சின்ன வயசுல சொல்லியிருக்கேன். வங்காள விரிகுடா, அரபிக்கடல் ரெண்டுக்கும் புயல் எச்சரிக்கை தர்ற ரீஜனல் சென்டர் டெல்லி தான, சுத்தியிருக்கற நாட்டுக்காரங்க வருவாங்க, மியான்மர், மாலத்தீவு, ஓமன், பங்களாதேஷ். மொத பாடமே த்வோராக் முறை, படத்துல மேகத்தோட சுருளையும் புயலோட கண்ணையும் பாத்து, புயல் எவ்ளோ பலம்னு டி நம்பர் போடறது. ஒண்ணுலருந்து எட்டு வரைக்கும், அரை அரையா. 3.5னா 55 நாட் காத்து, 4னா 65 நாட் (நாட்ங்கறது கடல்ல காத்து வேகத்த அளக்கற அளவு). நம்ம வகைப்படி 3.5னா தீவிர புயல், 4 வந்தா மிகத் தீவிர புயல். அந்த அரை நம்பர்ல தான் புயலோட வகையே மாறும். ஒரே படத்துக்கு ரெண்டு பேர் ரெண்டு நம்பர் சொல்லுவாங்க, அப்புறம் அரை மணி நேரம் சண்டை, அந்த சண்டைல தான் கத்துக்கறதே நடக்கும்.

நர்கிஸ் புயல் 2008 மே 2ம் தேதி ஐராவதி டெல்டால கரையேறுச்சு. டெல்லிலருந்து முன்னாடியே புல்லட்டின் போயிட்டு தான் இருந்துச்சு. இருந்தும் லட்சத்துக்கு மேல ஜனங்க போயிட்டாங்க. அதுக்கப்புறம் மியான்மர்லருந்து ட்ரெய்னிங் வந்த ஒரு அம்மா டீ ப்ரேக்குக்கு கூட எழுந்திருக்க மாட்டாங்க, ஒவ்வொரு படத்தையும் திருப்பி திருப்பி போட சொல்லி கேப்பாங்க, ராத்திரி தனியா உக்காந்து நம்பர் போட்டு காலைல கொண்டு வந்து காட்டுவாங்க. புல்லட்டின் போனா மட்டும் போதாது பாப்பா, அங்க அத கையில வாங்கறவங்க தானே படத்த பாத்து நம்பி, தைரியமா மேல பேசணும். அவங்கள உருவாக்கறது ரிசர்ச்ச விட எந்த வகைலயும் கொறஞ்சது இல்ல.

இப்ப கம்ப்யூட்டரே த்வோராக் போடுதுன்னு நீ சொல்லுவ. போடுது தான், அமெரிக்கால மாடிசன்ல பண்ண ப்ரோக்ராம நெறைய பேர் யூஸ் பண்றாங்க, நல்லா பெருசா கண்ணு தெறந்த புயலுக்கு பிரமாதமா வரும். கண்ணே தெரியாம மேல மேகம் மூடிட்டு இருக்கறப்ப மையம் எங்கன்னு கண்டுபுடிக்கறது தான் கஷ்டம், அங்க மைக்ரோவேவ் படத்தையும் கடல் மேல காத்த அளக்கற சாட்டிலைட்டையும் சேத்து ஒரு மனுஷன் தான் முடிவு பண்ணணும். நம்ம கடல் புயல் நெறைய அந்த ரகம்.

இன்னொண்ணு. இந்த தொழில்ல யாரும் தனியா எதையும் பாத்தது கிடையாது. 1998ல இந்தியப் பெருங்கடல் ஆராய்ச்சிக்குன்னு ஐரோப்பாக்காரங்க மீட்டியோசாட்-5அ நம்ம பக்கம் நகத்தினாங்க, ஆராய்ச்சி முடிஞ்சும் எடுத்துட்டு போகல, ஒண்ணு மாத்தி ஒண்ணா இன்னிக்கு வரைக்கும் அங்க ஒரு மீட்டியோசாட் இருக்கு. ஜப்பானோட ஹிமவாரி பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவ படம் தருது, வங்காள விரிகுடா அதுக்கு ஓரமா சாஞ்சு தான் தெரியும், ஆனாலும் உதவுது. 2012ல அமெரிக்கால சாண்டி புயல் வந்தப்ப நம்ம ஓஷன்சாட்-2 அளந்த காத்த அவங்களும் பாத்தாங்க, அன்னிக்கு எனக்கு இருந்த சந்தோஷம் சொல்லி முடியாது. நமக்கு வந்தத நாம குடுக்கணும், அவ்ளோதான்.

2018ல கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறினப்ப பெரியப்பா தோப்புல ஒரு தென்ன கூட நிக்கல, ஆனா முன்னாடியே எல்லாரும் முகாமுக்கு போயிட்டாங்க. அத நீ எந்த பேப்பர்லயும் எழுத முடியாது, ஆனா அதுக்கு பின்னாடி எங்கயோ ஒரு கிளாஸ் ரூம் இருக்கு.

ஒத்துக்கிட்டன்னா ஒரு விஷயம் பண்ணு. ஸ்லைடு கம்மியா போடு. வர்றவங்கள அவங்கவங்க ஊர் படத்த கொண்டு வர சொல்லு, செனகல்காரங்க புழுதிப்புயல கொண்டு வரட்டும், வங்காளக்காரங்க வைசாக மாச இடி மழைய கொண்டு வரட்டும். மொத நாளே அவங்கள நம்பர் போட வை, தப்பு வந்தா வரட்டும். டெல்லி பனிமூட்டம் கேஸ் வேணும்னா நான் என் பழைய நோட்டு பாத்து தேதி எடுத்து தர்றேன், ஒரே நாள் ராத்திரி, விடியல், பத்து மணி மூணையும் வரிசையா காட்டு. டைம் டேபிள் வந்ததும் எனக்கு ஒரு காப்பி அனுப்பு.

அம்மா பருப்பு பொடி அனுப்பியிருக்கா, கஸ்டம்ஸ்ல நிக்காம வந்துச்சான்னு சொல்லு.

அப்பா