அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்துக் காட்டாதீர்கள்: புறக்கோட்டை முதலாளிமாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய வர்த்தகச் சங்க நிர்வாகிகளுக்கும் முதலாளிமாருக்கும் வணக்கம்.

பிரதான வீதி, கெய்சர் வீதி, குறுக்குத் தெருக்கள், செட்டியார் தெரு வட்டாரத்துக் கடைகளுக்கும் சிறு கம்பனிகளுக்கும் சம்பளப் பட்டியல் தயாரிப்பது எங்கள் தொழில். பல வருடம் உழைத்தவர் விலகும்போதுதான் தகராறு வெளியே தெரிகிறது. அது தொடங்கியதோ அவருடைய முதல் மாதச் சம்பளச் சீட்டில்.

65,000 ரூபா பேசி ஒருவரை வேலைக்கு எடுக்கிறீர்கள். பட்டியலில் அடிப்படைச் சம்பளம் 40,000. மீதி 25,000 ரூபா ‘பயணப்படி’ என்று ஏறுகிறது. அவரோ பதுளையிலிருந்து வந்து கடையின் மேல்மாடியிலேயே படுத்தெழும்புகிறவர். அவருக்கு ஏது தினசரிப் பயணம்?

பயணப்படிக்கு ஊழியரின் ஓய்வுகால நிதிகள் கட்டப்படுவதில்லை. இப்படி எழுதுவதால் முதலாளியின் பங்கில் ஊழியர் சேமலாப நிதி (EPF) 12 சதவீதம், ஊழியர் நம்பிக்கை நிதி (ETF) 3 சதவீதம், ஆக 25,000 ரூபாவுக்கு மாதம் 3,750 ரூபா மிஞ்சுகிறது. பத்து வருடத்தில் அது 450,000 ரூபா. ஊழியர் பங்கான 8 சதவீதத்தையும் கூட்டினால் வட்டி இல்லாமலே 690,000 ரூபா அவருடைய கணக்குகளில் சேராமல் போகிறது. அந்த 8 சதவீதம் அவர் கைக்குத்தானே போகிறது என்பீர்கள். கைக்கு வந்தது மாதக் கடைசிக்குள் கரைந்துவிடும். வயதான காலத்துக்கு என்று பணம் சேர இந்த நிதியை விட்டால் அவருக்கு வேறு வழியில்லை.

உண்மையான பயணச் செலவைப் பற்றுச்சீட்டுப் பார்த்துக் கொடுப்பதில் பிழையில்லை. மேலதிக நேரக் கொடுப்பனவுக்கும் சேமலாப நிதி கட்ட வேண்டியதில்லை. ஆனால் வாழ்க்கைச் செலவுப் படி, சாப்பாட்டுப் படி போன்றவற்றுக்குக் கட்டியே ஆக வேண்டும். கட்டாத தொகை பின்னர் பிடிபட்டால் தாமதத்துக்கான மேலதிகக் கட்டணம் 5 சதவீதத்தில் தொடங்கி, ஒரு வருடம் தாண்டும்போது 50 சதவீதம் வரை போகும். பழைய பாக்கியில் ஊழியரின் 8 சதவீதத்தையும் உங்கள் கையிலிருந்துதான் போட நேரும். போன வருடத்துச் சம்பளத்தில் இப்போது வெட்ட முடியாதல்லவா?

வேலையிலிருந்து விலகுபவருக்கு முதலாளி கொடுக்க வேண்டிய பணிக்கொடை இதைவிடப் பெரிய சிக்கல். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், ஐந்து வருடம் முடித்தவருக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும். அதுவும் விலகி 30 நாளுக்குள். “அவராகவே விட்டுப் போனார், எதற்குக் கொடுக்க வேண்டும்?” என்ற கேள்விக்குச் சட்டத்தில் இடமில்லை. தானாக விலகினாலும் இறந்தாலும் அது கொடுபட வேண்டிய பணம். மோசடி, கையாடல், வேண்டுமென்று செய்த சேதம் ஆகியவற்றுக்கு மட்டும், நட்டத்தின் அளவுக்குக் கழிக்கலாம். ஐந்து வருடம் நெருங்கும்போது ராஜினாமாக் கடிதம் வாங்கிவிட்டு அடுத்த நாளே புது ஆளாகப் பதிவதும், 15 பேரைத் தொடாமலிருக்க ஒரே கடையை இரண்டு பெயரில் பிரிப்பதும் அநியாயம். வெளிப்படையாகவே சொல்கிறோம், அப்படியான பட்டியலை எங்களிடம் கேட்காதீர்கள். 15 பேருக்குக் குறைந்த இடத்து ஊழியரும் பணிக்கொடை கேட்டுத் தொழில் நியாயசபைக்குப் போகலாம்.

நேர்மையான முதலாளிகள்கூடத் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. பணிக்கொடையைக் கடைசியாக எடுத்த சம்பளத்தில் கணக்கிட வேண்டும். 40,000 ரூபா எடுத்துவந்த 12 வருட ஊழியருக்குச் சம்பளத்தை 60,000 ஆக்கிய அன்றே, கொடுக்க வேண்டிய தொகை 240,000இலிருந்து 360,000 ரூபாவாகிவிடுகிறது. 2022இல் விலைவாசி எகிறியபின் சம்பளத்தைக் கூட்டிய பலர் பழைய வருடங்களின் கடனும் கூடவே ஏறியதைக் கவனிக்கவில்லை. ஐந்தொகையில், அதாவது கடையின் சொத்து, கடன் கணக்கில், பணிக்கொடை ஏற்பாடு என்று ஒரு வரி இருக்கும். வங்கியில் அந்தப் பணம் இருக்காது, துணிக்கட்டாகவோ மசாலா மூட்டையாகவோ களஞ்சியத்தில் கிடக்கும்.

இதற்குத் தனிச் சேமிப்புக் கணக்கொன்று திறவுங்கள். மாதந்தோறும் ஒவ்வொருவரின் சம்பளத்திலும் 24இல் ஒரு பங்குக்குச் சமமான தொகையை, சம்பளத்தில் வெட்டாமல், உங்கள் பணத்திலிருந்து போடுங்கள். 60,000 ரூபாவுக்கு அது 2,500 ரூபா. சம்பளம் கூட்டும் மாதத்தில் பழைய வருடங்களுக்கான வித்தியாசத்தையும் கணக்கிட்டு, ஒரே தடவையில் முடியாவிட்டால் ஒரு வருடத்துக்குள் போட்டு முடியுங்கள். கொள்கலன் துறைமுகத்தில் இறங்கி, சரக்கை எடுக்கப் பணம் தேவைப்பட்டாலும் இந்தக் கணக்கில் கைவைக்கக் கூடாது.

மேலதிக நேரத்துக்கான கணக்கு எளிது. கடை, காரியாலயச் சட்டத்தின் கீழ் மாதச் சம்பளத்தை 240ஆல் பிரித்து ஒன்றரை மடங்காக்குங்கள். 40,000க்கு மணிக்கு 250 ரூபா. வாரத்துக்கு 12 மணித்தியாலத்துக்கு மேல் கூடாது. தீபாவளி, நத்தார் காலத்துக்கும் இதே எல்லைதான். போயா (பௌர்ணமி) விடுமுறை அன்று வேலை வாங்கினால் அன்றைய நாளுக்கு ஒன்றரை நாள் சம்பளம்.

பெயர்ப் பதிவையும் கவனியுங்கள். எங்கள் தமிழ் ஆட்களின் தந்தை பெயரும் சொந்தப் பெயரும் ஆங்கிலத்தில் எழுதும்போது இடம் மாறிவிடுகின்றன. தேசிய அடையாள அட்டையில் ஒரு எழுத்துக்கூட்டல், சேமலாப நிதிப் பதிவில் இன்னொன்று. ஐம்பத்தைந்து வயதில் பணம் எடுக்க ‘கே’ படிவம் போடும்போதுதான் அது அகப்படும். பிறகு சத்தியக்கடதாசியும் கையுமாக நாரஹேன்பிட்டியிலுள்ள தொழில் திணைக்களத்துக்கு அலைச்சல். சேரும் நாளிலேயே அடையாள அட்டையைப் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட ஐந்து நிமிடம் போதும். நியமனக் கடிதத்தையும் சம்பளச் சீட்டையும் ஊழியர் வாசிக்கிற மொழியில், தமிழிலோ சிங்களத்திலோ, கொடுங்கள்.

சங்க நிர்வாகிகளே, அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் இரண்டு தீர்மானங்களை முன்வையுங்கள். புதிதாகச் சேருபவருக்குப் பேசிய சம்பளம் முழுவதையும் அடிப்படைச் சம்பளமாக எழுதுவது ஒன்று. ஏற்கெனவே இருப்பவர்களின் பொய்ப் படிகளை இரண்டு நிதியாண்டுக்குள் அடிப்படைக்குள் கொண்டுவருவது மற்றது. ஒரு கடை மட்டும் செய்தால் பக்கத்துக் கடையோடு விலையில் போட்டி போட முடியாது என்பதை அறிவோம். அதனால்தான் தனித்தனியாக உங்களிடம் வராமல் சங்கத்துக்கு எழுதுகிறோம். இரு மொழியிலும் சம்பளச் சீட்டு மாதிரியையும் பணிக்கொடைக் கணக்குத் தாளையும் கட்டணமின்றித் தயாரித்துத் தருகிறோம்.

இப்படிக்கு,
சம்பளப் பட்டியல் தயாரிக்கும் கணக்காளர்கள் சிலர்,
கொழும்பு.