தகவலாளர் எண் 7-க்கும் மலையில் இருக்கும் மற்றவர்களுக்கும்

கொல்லிமலை வைத்தியர்களுக்கும், அவர்கள் வாசலில் என்னைக் கொண்டுபோய் நிறுத்தியவர்களுக்கும் வணக்கம்.

உங்கள் மலை மூலிகைகளைப் பற்றிய என் ஆய்வேடு ஒருவழியாக பைண்டிங் முடிந்து வந்துவிட்டது. கருநீல அட்டை, தங்க எழுத்து, அட்டையில் என் பெயர். உள்ளே ஒன்றரைப் பக்கத்துக்கு நன்றியுரை இருக்கிறது. நெறியாளரில் தொடங்கி கல்லூரி முதல்வர் வரை எல்லோரும் அதில் பெயரோடு வருகிறார்கள். நீங்கள் மட்டும் வரவில்லை. பின்னால் இருக்கும் அட்டவணையில் ‘தகவலாளர் 1’ முதல் ‘தகவலாளர் 19’ வரை எண்களாக இருக்கிறீர்கள்.

பெயரை வெளியிடக் கூடாது என்பது ஆய்வு விதி. உங்களில் பலர் சொன்னதும் அதுதான். “பேரு போட்டீன்னா எழுபது வளைவும் ஏறி கார் வந்துரும் கண்ணு, அப்புறம் காட்டு வேலைய யாரு பாக்கறது?” என்று ஒருவர் கேட்டார். நியாயம்தான். அதனால் இந்த மடலிலும் பெயர் இல்லை. ஆனால் எண்களுக்கு நன்றி சொல்லி முடித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. படித்தால் யார் யார் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

ஏழாம் எண் தாத்தா, முதலில் உங்களுக்கு.

நாமக்கல்லில் பஸ் ஏறி, சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி, காரவள்ளி தாண்டி, வளைவு வளைவாகக் குமட்டிக்கொண்டு நான் முதல்முறை வந்து இறங்கியபோது கையில் நான்கு பக்கப் படிவம் வைத்திருந்தேன். செடியின் பெயர், பயன்படும் பாகம், நோய், அளவு, கொடுக்கும் முறை. நீங்கள் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, திண்ணையில் வைத்து மேலே ஒரு கல்லை வைத்தீர்கள். “காத்துல பறந்துரும்” என்றீர்கள். அன்றைக்கு ஒரு செடிகூடக் காட்டவில்லை. அடுத்த இரண்டு முறையும் காட்டவில்லை. சாமைக் காட்டில் களை எடுக்க வைத்தீர்கள். எனக்குள் எரிச்சலாக இருந்தது, மறைக்க மாட்டேன். அந்தக் களையெடுப்பில்தான் எது சாமை நாற்று, எது புல் என்றுகூட எனக்குத் தெரியாது என்பது உங்களுக்குத் தெரிந்துபோனது. தாவரவியலில் முதுகலை முடித்தவள் நான்!

அப்புறம் கீழாநெல்லி. நானாகவே ஓடை ஓரத்தில் பறித்து, செய்தித்தாளுக்குள் வைத்து அழுத்தி, பெயர்ச்சீட்டும் எழுதிக் கொண்டுவந்து பெருமையாகக் காட்டினேன். நீங்கள் கிளையைத் திருப்பி, விரலால் ஒரு காயைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தீர்கள். “காய் காம்போட தொங்கணும், வழுவழுன்னு இருக்கணும். இது தண்டோட ஒட்டிக்கிட்டு சொரசொரன்னு கெடக்குது பாரு. இது செவப்புக் கீழாநெல்லி. இதுக்கு வேற வேலை.” கைலென்ஸை எடுத்துப் பார்த்தேன். காயின் மேல் குட்டிக் குட்டி முட்களைப் போல மேடுகள் இருந்தன. லென்ஸை நீங்களும் வாங்கிப் பார்த்தீர்கள், திருப்பித் தர அரை மணி நேரம் ஆயிற்று.

ஊருக்குப் போய்ப் புத்தகத்தைப் புரட்டினால், கீழாநெல்லியான பில்லாந்தஸ் அமாரஸையும் சிவப்பான பில்லாந்தஸ் யூரினேரியாவையும் பிரிக்க அதிலும் அதே அடையாளம்தான் இருந்தது: காய்க்குக் காம்பு இருக்கிறதா, தோல் வழவழப்பா சொரசொரப்பா. திருச்சி ராபினாட் உலர்தாவரக் காப்பகத்தில் பழைய தாள்களோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். நீங்கள் சொன்னது அப்படியே சரி. என் பெயர்ச்சீட்டைத்தான் அடித்துத் திருத்தினேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காமாலை என்று யார் வந்தாலும் நீங்கள் உடனே கீழாநெல்லியை அரைத்துவிடவில்லை. கண்ணைப் பார்த்து, நாக்கைப் பார்த்து, வயிற்றை அமுக்கிப் பார்த்தீர்கள். வயிறு வீங்கியிருந்த ஒருவரைத் திண்ணையில் உட்காரக்கூட விடாமல், “இது என் கையில இல்ல, இன்னிக்கே எறங்கு” என்று பஸ் ஏற்றிவிட்டீர்கள். மூன்றாம் எண் அண்ணனும் அப்படித்தான். எலும்பு முறிவுக்கு மூங்கில் பத்தை வைத்துக் கட்டுவதில் அவருக்கு நல்ல பெயர். பாம்புக்கடி என்றால் மட்டும், “என்கிட்ட வந்து நேரத்தக் கெடுக்காதீங்க, விஷமுறிவு ஊசி ஆஸ்பத்திரியிலதான் இருக்கு” என்று கத்துவார். மூலிகை என்றாலே எல்லாவற்றையும் குணமாக்கும் என்று பேசுகிறவர்கள் கீழே நிறைய இருக்கிறார்கள். மலையில் நான் பார்த்த வைத்தியர்கள் யாரும் அப்படிப் பேசவில்லை.

செடியைப் பறிக்கும் முன் சற்று நின்று ஏதோ முணுமுணுப்பீர்கள், வேரில் நகம் படக் கூடாது என்பீர்கள். செடியின் சாபத்தைப் போக்கும் சாப நிவர்த்தி என்று பிறகு சொன்னீர்கள். என் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்தேன்.

ஆகாய கங்கை அருவிப் படியில் சூப் விற்கும் அக்காவுக்கு இரண்டாவது நன்றி. ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகளை ஏறி மூச்சு வாங்கியவளுக்கு முடவாட்டுக்கால் சூப்பை ஊற்றிக் கொடுத்து, காசு வேண்டாம் என்றவர் நீங்கள். மிளகும் சீரகமும் பூண்டும் தட்டிப் போட்ட அந்தச் சூட்டுக்கே பாதி வலி போய்விட்டது. மிச்சப் பாதி முடவாட்டுக்காலால் போயிற்றா என்று ஆய்வாளராக என்னால் உறுதி சொல்ல முடியாது, மன்னிக்க வேண்டும்.

“இது கிழங்கு இல்லக்கா, பெரணியோட மட்டநிலத் தண்டு” என்று நான் பாடம் நடத்தியபோது, “ஆட்டுக்கால் மாதிரி மயிரோட இருக்குது, கிழங்குன்னுதான் ஊரே வாங்குது, நீ தண்டுன்னு சொன்னா எவன் குடிப்பான்?” என்றீர்கள். மறுநாள் அது முளைக்கும் பாறைக்கே கூட்டிப்போனீர்கள். பச்சை இலைகளுக்கு அடியில் பழுப்பாக, காய்ந்த சருகைப் போல இன்னொரு வகை இலை இருந்தது. அது செத்த இலை இல்லை. விழும் சருகையும் தூசியையும் தேக்கி, மண்ணே இல்லாத பாறையில் செடிக்குத் தேவையான மண்ணை அதுதான் சேர்க்கிறது. பாடப்புத்தகத்தில் படித்து மறந்திருந்ததை நீங்கள் விரலால் கிளறிக் காட்டினீர்கள். நுனியை விட்டுவிட்டு நடுவில் வெட்டினால் திரும்பப் படரும், மொத்தமாக உரித்து எடுத்தால் பாறை மொட்டையாகிவிடும் என்றீர்கள். முன்பெல்லாம் வீட்டுக்குப் பின்னாலேயே கிடைத்ததற்கு இப்போது அரை நாள் நடக்க வேண்டியிருக்கிறது என்றும் சொன்னீர்கள். இதைப் படிக்கும் சுற்றுலாக்காரர்கள் படியில் உட்கார்ந்து ஒரு கப் குடித்துவிட்டுப் போங்கள். கிலோக்கணக்கில் மூட்டை கட்டாதீர்கள்.

பன்னிரண்டாம் எண் ஆயாவுக்கு ஒரு விசித்திரமான நன்றி. நீங்கள் சொல்லாததற்காக. பிள்ளை பெற்றவர்களுக்குக் கொடுக்கும் மருந்து ஒன்றில் ஏழு சரக்கு சேர்க்கிறீர்கள். ஐந்தைச் சொன்னீர்கள். “மீதி ரெண்டும் என் மருமவளுக்கு” என்று வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டீர்கள். ஆய்வேட்டில் அந்த வரிசையில் இரண்டு கட்டங்கள் காலியாக இருக்கின்றன. வாய்மொழித் தேர்வில் அதைப் பற்றித்தான் முதல் கேள்வி வந்தது. ஏன் நிரப்பவில்லை என்று கேட்டார்கள். சொன்னவர் அனுமதி தரவில்லை என்றேன். அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள்.

எழுதிக்கொடுத்தால் என்ன ஆகும் என்று அன்று திண்ணையில் எல்லோரும் கேட்டீர்கள். மஞ்சள் காயத்தை ஆற்றும் என்பதற்கு 1995-ல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்ததையும், நம் நாட்டு விஞ்ஞானிகள் பழைய ஏடுகளைக் காட்டி 1997-ல் அதை ரத்து செய்ய வைத்ததையும் சொன்னேன். “ஏட்டுல இருந்ததால தப்பிச்சுது. எங்களது வாயிலதானே இருக்குது” என்றார் ஒருவர். எனக்குப் பதில் வரவில்லை.

கேரளப் பக்கம் அகத்தியர் மலையில் வாழும் காணிக்காரப் பழங்குடியினர் கதையையும் சொன்னேன். 1987-ல் விஞ்ஞானிகளுக்கு வழிகாட்டப் போன காணிகள் ஒரு செடியின் காயை மென்றபடி களைப்பில்லாமல் நடந்தார்கள். ஆரோக்கியப்பச்சை என்ற அந்தச் செடியிலிருந்து பிறகு மருந்து வந்தது. அந்த மருந்தில் ஆய்வு நிறுவனத்துக்குக் கிடைத்த பணத்தில் பாதி காணிகளின் அறக்கட்டளைக்கு என்று முடிவானது. ஏதோ நல்ல செய்தியைச் சொன்ன திருப்தியில் நான் நிறுத்த, ஆயா கேட்டார்: “காட்டுனவனுக்குப் பாதி. அப்ப மீதிப் பாதி எதுக்கு?” இப்படிக் கிடைக்கும் பலனில் பங்கு தரச் சொல்லும், 2002-ல் வந்த பல்லுயிர்ப் பெருக்கச் சட்டத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லிப் பார்த்தேன். ஆயா பாக்கை மென்றுகொண்டிருந்தார்.

மற்றவர்களுக்குச் சட்டென்று சொல்லிவிடுகிறேன், எண்ணிக்கை அதிகம். செம்மேட்டு டீக்கடைக்காரர், பழைய செய்தித்தாள் அத்தனையையும் எனக்காகச் சேர்த்து வைத்தார். மலைச் சாரலில் தாளைத் தினமும் மாற்றாவிட்டால் செடியெல்லாம் பூஞ்சை பிடித்துவிடும். பஜ்ஜி வைத்துக்கொடுக்கத் தாள் இல்லாமல் அவர் இலையில் கொடுத்ததற்கு நான்தான் காரணம். கடைசி பஸ் நடத்துநர், செடிக்கட்டை என்ஜின் பக்கம் சூட்டில் வைக்க இடம் கொடுத்தார். சோளக்காட்டுச் சந்தையில் வழி சொன்ன அன்னாசிக்காரப் பாட்டி. குரங்கிடமிருந்து என் நோட்டை மீட்ட பையன்கள் (படிவம் இரண்டு பக்கம் போனது போனதுதான்). எல்லோருக்கும் நன்றி.

தாத்தா, உங்களுக்கு இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. சரிவில் வழுக்கி முட்டியைப் பெயர்த்துக்கொண்ட அன்று, வரப்பிலிருந்து வெட்டுக்காயப் பூண்டைப் பிடுங்கிக் கசக்கிச் சாற்றைப் பிழிந்துவிட்டீர்கள். வலியை மறைக்கவோ என்னவோ, நான் என் படிப்பைக் காட்டினேன். இது நம்ம ஊர்ச் செடியே இல்லை தாத்தா, மத்திய அமெரிக்காவிலிருந்து வந்தது, பழைய ஏடுகளில் இருக்காது என்றேன். நீங்கள் முட்டியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னீர்கள்: “வந்துச்சு, வேலை செய்யுது. இருந்துட்டுப் போவட்டும்.” பாரம்பரிய அறிவு என்றால் மாறாதது என்று முன்னுரையில் ஒரு பத்தி எழுதி வைத்திருந்தேன். அன்றிரவே அடித்துவிட்டேன்.

ஆடிப் பதினெட்டுக்கு முன் மலைக்கு வருகிறேன். ஆய்வேட்டைக் கொண்டுவந்து என்ன செய்வது, அதனால் செடிப் படங்களையும் நீங்கள் சொன்ன பெயர்களையும் தமிழில் தனியாக அச்சடித்துப் பத்தொன்பது வீட்டுக்கும் கட்டி வைத்திருக்கிறேன். ஆயாவின் பிரதியில் அந்த இரண்டு கட்டம் காலியாகவே இருக்கிறது. தாத்தா, உங்களுக்கு ஒரு கைலென்ஸும் வாங்கியாயிற்று. கழுத்தில் மாட்டக் கயிறு வேண்டும் என்றீர்களே, சிவப்பு கிடைக்கவில்லை, கறுப்புதான்.

அன்புடன்,
நோட்டுக்காரப் பொண்ணு