வாழி பாடினாயா?

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். சித்தப்பா வீட்டுக் கிணறு இறைத்தாயிற்று. மற்ற விசேஷமெல்லாம் அம்மா போனில் சொல்வாள், நீ எடுத்தால்.

கடற்கரையில் நீ வில்லடித்து வில்லுப்பாட்டுப் பாடியதைத் தம்பி செல்லில் காட்டினான். நாலு தடவை பார்த்தேன். கிதாரோடு உடுக்கை ஒட்டாது என்று நினைத்திருந்தேன், ஒட்டுகிறது. குருவை வணங்கிக் குருவடி பாடும்போது தாத்தா மாதிரியே கடைசிச் சொல்லை மூக்கில் இழுத்தாய். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள்.

ஒன்று மட்டும் கேட்கணும். சுடலைமாட சாமியைக் கூப்பிடுகிற வரத்துப் பாடினாயே, வாழி பாடினாயா? வீடியோ அதற்கு முன்னாலேயே நின்றுவிட்டது.

கோயில் கொடையில் நடுராத்திரி நடக்கிற சாமக்கொடையில் நீ பார்த்திருக்கிறாய். சாமியாடுகிற கோமரத்தாடி சல்லடம் கட்டி, குல்லாய் வைத்து, பீடத்துக்கு முன்னால் நிற்பார். அவர் ஆடுகிற வேகத்தைப் பார்த்துத்தான் தாத்தா அடுத்த அடியை எடுப்பார், வில்லை அடிக்கிற வீசுகோலும் அதற்குத் தக்கபடி ஏறும். ஆடி முடித்து, திருநீறு கொடுத்து, அவர்மேல் வந்த சாமி மலையேறின பிறகுதான் வாழி. உங்கள் மேடையில் பந்தம் இல்லை, திருநீறு இல்லை, பத்து நிமிஷத்தில் முடிக்கச் சொல்வார்கள். அதெல்லாம் சரி. ஆனால் கூப்பிட்டவரை அனுப்பிவைக்கணும். நேரம் இல்லையென்றால் வாழியில் ரெண்டு அடியாவது பாடிவிட்டு எழுந்திரு.

பாட்டு நின்று எல்லோரும் கை தட்டுகிறார்கள், உன் தோள் மட்டும் நிற்கவில்லை. பெரியத்தைக்கும் அப்படித்தான் தொடங்கியது. ராத்திரி தூங்குகிறாயா? நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? வாழி பாடினேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு.

பொம்பளை வரத்துப் பாடலாமா என்று இங்கே ரெண்டு பேர் கேட்டார்கள். கன்னியாகுமரிப் பக்கம் பூங்கனி அம்மா வில்லுக்கு நடுவில் உட்கார்ந்து ஊர் ஊராகப் பாடினது தெரியாதா என்று கேட்டேன், வாயை மூடிக்கொண்டார்கள். சத்திரம்புதுக்குளத்தில் பிறந்த சுப்பு ஆறுமுகம் ஐயா சென்னையில் வில்லை வைத்தே வாழ்ந்தார், 2021-இல் பத்மஸ்ரீயும் வந்தது. அவர் பட்டணத்துக்கு வில்லைக் கொண்டுபோனார். நீ சாமியையே கூட்டிக்கொண்டு போயிருக்கிறாய். அத்தனை பேருக்கு முன்னால் பாடுகிறவளுக்கு நம் பீடத்துக்கு முன்னால் வந்து உட்கார மூன்று கொடையாக நேரம் இல்லை.

பாடுவதற்கு முன்னால் மைக்கில் ஒன்று சொன்னாய். எங்கள் ஊரில் கோயிலுக்கு வரி கொடுக்கிற வரிதாரர்கள் வில்லை நிறுத்திவிட்டார்கள் என்று. அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

கோயில் வாசலில் வரிக் கூட்டம். வில்லு வேண்டாம், இந்த வருஷம் இன்னிசைக் கச்சேரி வைப்போம் என்று பேச்சு வந்தது. முதலில் கை தூக்கினது நான். பள்ளிக்கூடத்தில் வில்லடிக்காரன் பேத்தி என்று கூப்பிடுகிறார்கள் என்று நீ அழுதுகொண்டு வந்திருந்தாய். உனக்காகத்தான் என்று இத்தனை வருஷம் சொல்லிக்கொண்டேன். உனக்காக இல்லை தாயி. பத்தொன்பது வருஷம் தாத்தாவுக்குப் பக்கத்தில் குடம் அடித்தவனுக்கு அது வெட்கமாக இருந்தது. தாத்தா ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து வில்லிலிருந்த மணிகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார், சாம்பல் போட்டுத் துலக்கினார், துணியில் முடிந்து பரணில் வைத்தார். அதற்குப் பிறகு அவர் பாடவே இல்லை. 2003-இல் கிடா வெட்டக் கூடாது என்று அரசாங்கம் உத்தரவு போட்டது, அடுத்த வருஷமே திரும்ப எடுத்துக்கொண்டது. கிடா வந்துவிட்டது. நான் தூக்கின கையை இறக்கவே இல்லை.

இனிமேல் மைக்கில் சொல்வதானால் எங்கப்பாதான் நிறுத்தினார் என்று சொல்.

தாத்தா வில்லை ஆம்னி பஸ்ஸில் போட்டிருக்கிறேன். வியாழக்கிழமை காலையில் கிளாம்பாக்கத்தில் போய் எடுத்துக்கொள். மணிகள் தனி முடிச்சில் இருக்கின்றன, எண்ணிப் பார். நாண் புதுத்தோல், முதல் வாரம் தளரும், ஏற்றிக் கட்டு. குடம் அனுப்பவில்லை, வழியில் உடையும். அங்கே வாங்கும்போது தட்டிப் பார்த்து வாங்கு, கீறல் விட்டிருந்தால் சத்தத்திலேயே தெரியும். பிரிமணைக்கு வைக்கோல் அங்கே கிடைக்காது என்று நானே முறுக்கி வைத்திருக்கிறேன். குடம் அதில் சரியாக உட்காரவில்லையென்றால் போன் போடு. ராத்திரி எத்தனை மணியானாலும் போடு.

அப்பா